டெல்சியாவுக்கு ஒரு பாவம்

இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவது டெல்சியா. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு பாவம் கண்டுபிடித்துக் கொடுத்தாக வேண்டும். இப்படி நினைத்த மாத்திரத்தில் செலஸ்டின் டீச்சருக்குத் தன் நினைப்பே உறைத்தது, கையிலிருந்த பெயர்ப் பட்டியலை நான்காக மடித்தாள், மடித்ததை விரித்தாள், விரித்ததில் ஏற்கெனவே அடித்துவிட்ட இரண்டு பிள்ளைகளின் பேரை இன்னொரு தடவை அடித்தாள். நாளைக் காலை இருபத்தாறு பிள்ளைகளுக்குப் புது நன்மை. வெள்ளைக் கவுனும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, முதன்முதலாக நற்கருணையை நாக்கில் வாங்கப்போகிறார்கள். அதற்கு முந்தின நாள், அதாவது இன்று சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் முட்டிபோட்டுச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற முதல் பாவசங்கீர்த்தனம். புதுப் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒப்புரவு அருட்சாதனம் என்று பேர் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் முட்டிக்கால் வலிப்பது பழையபடிதான். அந்தக் காலத்தில் சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்ட மரத்தொட்டிக்குள் இப்போது விளக்குமாறும் சுற்றாத ஸ்டாண்டு ஃபேனும் கிடக்கின்றன. அதற்குப் பதிலாக அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் சின்னச் சாமியார். ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, முப்பது வயதுகூட இருக்காது. சுவரை ஒட்டி அகர வரிசையில் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம், மிஞ்சினால் மூன்று. மாடியில் பாடகர் குழுவுக்கு நாளைய பாட்டில் ஒரே இடத்தில் கீபோர்டு தடுக்கிக்கொண்டே இருந்தது. அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே டீச்சரின் தோள் இறுக ஆரம்பித்திருந்தது.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் டெல்சியா வரிசையை விட்டு வந்து அவள் புடவை முந்தியைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், எனக்கு ஒண்ணும் இல்ல."

"என்னம்மா இல்ல?"

"சாமியார்கிட்ட சொல்லுததுக்குப் பாவம். நேத்தும் யோசிச்சேன், காலையிலயும் யோசிச்சேன். ஒண்ணுமே வரல."

ஒத்திகையில் சொன்னதைச் சொல்லேன் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். ஒத்திகை என்றால், நாலு ஞாயிற்றுக்கிழமையாக ஞானோபதேச வகுப்பில் டீச்சரே சாமியார் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து முட்டிபோட்டு, அம்மா அப்பாவுக்குக் கீழ்ப்படியவில்லை, பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன் என்று மூன்று பாவத்தையும் கிளிப்பிள்ளையாக ஒப்பித்துவிட்டு எழுந்துபோவது. இந்தக் கோயிலில் எந்தக் காலத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. டெல்சியா கண்ணை அகல விரித்து, அது சும்மா படிக்கிறதுக்குத்தானே டீச்சர், எனக்குத் தம்பியே கிடையாதே என்றாள். சரி, கீழ்ப்படியவில்லை என்றாவது சொல் என்றால், நான் கீழ்ப்படிவேனே, வேண்டுமானால் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள் என்கிறாள். பொய்? பொய்யும் இல்லையாம். கொஞ்சம் யோசித்து, ஒன்றாம் வகுப்பில் ஒன்று சொன்னதாகவும் அதை அன்றைக்கே பள்ளிக்கூடத்து டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். எட்டு வயசுப் பிள்ளை முகத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறது. பின்னால் வரிசை கலைகிறது. செலஸ்டின் டீச்சர் தப்பித்தால் போதும் என்று, நீ போய் உன் இடத்தில் நில், உன் முறை வருவதற்குள் டீச்சர் வந்து என்ன சொல்லணும் என்று சொல்லித்தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அந்தப் பிள்ளையும் நம்பிக்கையாகப் போய் நின்றுகொண்டது.

இப்போது பத்துப் பேர். என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது. கோபப்பட்டேன் என்று சொல்லச் சொல்லலாம், கோபப்படாத பிள்ளை எங்கே இருக்கிறது. செபத்தில் பராக்காக இருந்தேன் என்று சொல்லச் சொல்லலாம், அது யாருக்கும் பொருந்தும், அவளே வருஷாவருஷம் அதைத்தான் சொல்கிறாள். ஏதாவது ஒன்றைச் சொல்லி ஒப்பேற்றிவிட்டால் காரியம் முடிந்தது. ஒப்பேற்றாவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்போதிருந்த வேறு சாமியார், ஒன்றும் இல்லை என்று சொன்ன ஒரு பையனை, நன்றாக ஆத்தும சோதனை செய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெஞ்சுக்கு நடந்தான். கோயில் வாசலில் வைத்தே அவன் அம்மா அவனை அறைந்தாள். ஊரெல்லாம் பாவம் செய்கிறது, நீ மட்டும் என்ன பெரிய புனிதனா என்று கேட்டு அறைந்தாள். அந்தப் பையன் இப்போது பூசைக்கு வந்தாலும் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறான். டெல்சியாவுக்கும் அப்படி ஆகிவிட்டால்? அவள் அப்பா கப்பலில் வேலை பார்க்கிற மனுஷன், இந்த ஒரு நாளுக்காகப் பதினாலு மாதம் கழித்து லீவு வாங்கி வந்திருக்கிறார். மண்டபம் பிடித்தாயிற்று, பிரியாணிக்குச் சொல்லியாயிற்று, கோவாவிலிருந்து அத்தை வந்திறங்கியாயிற்று. காலையில் கோயிலுக்கு வந்தபோது அந்த மனுஷன் டீச்சரைப் பார்த்து, எல்லாம் நல்லபடியா முடியணும் டீச்சர், பிள்ளைய நீங்கதான் பார்த்துக்கணும் என்று கும்பிட்டார். கும்பிட்ட கை காய்த்துப்போயிருந்தது. இத்தனையும் ஒரு பாவம் அகப்படாததால் நின்றுபோனால் எப்படி இருக்கும். அகப்படாமல் என்ன, ஒத்திகைப் பாவம் மூன்றும் தயாராகத்தானே இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே. இரண்டு எட்டு வைத்தால் டெல்சியா நிற்கிற இடம். செலஸ்டின் டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்தாள், புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

கால் போகவில்லை. முப்பத்துநாலு வருஷமாக, இல்லாத பாவம் என்கிற அந்த ஒரு இடத்துக்கு வரும்போதெல்லாம் அவளுக்குக் கால் போகாது. அவள் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற அன்றைக்கும் சனிக்கிழமைதான். ஞானோபதேசம் எடுத்த அனுன்சியாத்தம்மா, கன்னியர் மடத்திலேயே கண்டிப்பானவள், பிரம்பைத் தொடாமலே பிள்ளைகளை நடுங்கவைக்கத் தெரிந்தவள், பாவம் இல்லை என்று சொல்கிற பிள்ளைதான் எல்லாரிலும் பெரிய பாவி, அது அகங்காரம், சாத்தானும் அப்படித்தான் விழுந்தான் என்று சொல்லிவைத்திருந்தாள். ஆத்துமா வெள்ளைத் துணி என்றாள். அற்பப் பாவம் புள்ளி, சாவான பாவம் முழுக்க மை. தொட்டிக்குள் பொய் சொன்னால் அது தேவதுரோகம், அந்தத் துரோகத்தோடு நன்மை வாங்கினால் அது இன்னொரு தேவதுரோகம் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். எட்டு வயசு செலஸ்டின் முந்தின ராத்திரி முழுக்கத் தன் துணியில் புள்ளி தேடினாள். கிடைக்கவில்லை. நல்ல பிள்ளையாக இருந்து தொலைத்துவிட்டாள். கிடைக்கவில்லையே என்ற பயத்தில் இரண்டு தடவை கொல்லைப்பக்கம் போய்வந்தாள். மறுநாள் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் பொய், கீழ்ப்படியாமை, தம்பி என்று எடுத்துப் போய்விட்டதாக அவளுக்குத் தோன்றியது, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக்கூடாது போலிருக்கிறது என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கைப் பார்த்து எழுதினால் அடிப்பார்களே, அந்த மாதிரி. ஆகவே தொட்டிக்குள் முட்டிபோட்டதும் வாயில் வந்தது, களவு எடுத்தேன் சாமி. ராயப்பச் சாமி வயசானவர், நல்லவர், காது கொஞ்சம் மந்தம். என்ன எடுத்தாய் என்று மெல்லக் கேட்டார். இதற்குப் பதில் தயார்செய்யவில்லை. சல்லடைக் கம்பி ஓட்டை வழியாகப் பீடத்தில் எரிகிற மெழுகுவர்த்தி தெரிந்தது. மெழுகுவர்த்தி. எங்கேயிருந்து? பீடத்துல இருந்து சாமி. அவர், அபராதமாக மாதாவின் பிரியதத்த மந்திரம் மூன்று சொல், நாளைக்கு நன்மை வாங்குமுன்னே அந்த மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து எடுத்த இடத்தில் வைத்துவிடு என்றார்.

எட்டுப் பேர். இல்லை, ஏழு. எட்வின் போய்விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, சாமியார் அபராதமாகக் கொடுத்த செபத்தைச் சொல்கிறான். வாய் அசைகிறது, கண் வாசலில் பந்தல்காரன் கட்டுகிற பலூன் வளைவில் இருக்கிறது. அவனும் தம்பியை அடித்ததாகத்தான் சொல்லியிருப்பான். அவனுக்காவது நிஜமாகவே ஒரு தம்பி இருக்கிறான், நிஜமாகவே அடிக்கிறான். அன்றைக்கு எட்டு வயசு செலஸ்டின் எடுக்காத மெழுகுவர்த்தியை எங்கேயிருந்து கொண்டுபோய் வைப்பாள்? வைக்காவிட்டால் அபராதம் செய்யவில்லை, அபராதம் செய்யாவிட்டால் மன்னிப்பு இல்லை, மன்னிப்பு இல்லாமல் நன்மை வாங்கினால் தேவதுரோகம். வீட்டு அடுக்களை மாடத்தில் கரண்டு போனால் கொளுத்துவதற்கு அம்மா ஒரு பாக்கெட் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒன்றை உருவிப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். இல்லாத களவுக்காக ஒரு நிஜக் களவு. அவள் வாழ்க்கையில் செய்த முதல் களவு அதுதான், அதுவும் மன்னிப்புக் கிடைத்து அரை மணி நேரத்துக்குள். பீடப்படியில் வைத்துவிட்டுத் திரும்பினால் கோயில்பிள்ளை நிற்கிறார். கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கிற அந்தப் பெரியவர் அவள் நேர்ச்சை செலுத்த வந்ததாக நினைத்து, நல்ல பிள்ள, ஆண்டவர் ஒன்ன ஆசீர்வதிப்பாரு என்று தலையைத் தடவி, அதை எடுத்துக் கொளுத்தியும் வைத்துவிட்டார். அது எரிவதைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே வந்தாள். அன்று ராத்திரி பார்த்துக் கரண்டு போனது. ஆறு இருந்ததே, ஐந்துதானே இருக்கிறது என்று அம்மா இருட்டில் தடவித்தடவிச் சொன்னாள். கதைப் புத்தகப் பைத்தியம் பிலோமி அக்காதான் ராத்திரி படிக்க எடுத்திருப்பாள் என்று தீர்ப்பாகி, அக்காவுக்கு விளக்குமாற்றுப் பூசை நடந்தது. அக்கா நான் எடுக்கவில்லை என்று அழுதாள். செலஸ்டின் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் களவு வெளியே வரும், களவு வெளியே வந்தால் ஆத்துமா கறுத்துவிட்டது என்று தெரிந்துவிடும், நாளைக்கு நன்மை கிடையாது, கவுன் கிடையாது, அனுன்சியாத்தம்மா எல்லார் முன்னாலும் பேரைச் சொல்வாள். மறுநாள் வரிசையில் முதலாவதாகப் போய் நன்மை வாங்கினாள். போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

பன்னிரண்டு வயசு வரைக்கும் எத்தனை தேவதுரோகம் என்று எண்ணிக்கொண்டு வந்தாள். சரியாகச் சொல்ல வேண்டும் என்றால் எத்தனை தடவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று படித்திருந்தாளே. ஞாயிறுக்கு ஒன்று, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், மாதாத் திருவிழாப் பத்து நாள். இருநூற்றுப் பன்னிரண்டில் எண்ணிக்கை தவறிப்போனது. தவறிப்போனதே ஒரு பயமாகிவிட்டது. அப்புறம் வளர்ந்தாள், காலேஜ் போனாள், துறைமுகச் சாலையில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பெற்றாள், அம்மாவைப் புதைத்தாள். இப்போது எல்லாம் தெரியும். மறைமாவட்டப் பயிற்சிக்குப் போனபோது அங்கே பாடம் எடுத்த சாமியார், எட்டு வயசுப் பிள்ளை சாவான பாவம் செய்ய முடியாது, பயத்தில் சொன்ன பொய் தேவதுரோகம் ஆகாது, கடவுள் கணக்குப்பிள்ளை இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மனசு அப்படியே லேசானது. பஸ் ஸ்டாப் வரைக்கும் லேசாக இருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், எட்டு வயசில் பயந்தது சரி, வளர்ந்த பிறகும் வருஷக்கணக்காக மறைத்தாயே, அது எத்தனை வயசுப் பொய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அனுன்சியாத்தம்மா குரல்தான். வருஷாவருஷம் பெரிய வியாழனுக்கு முன்னால் போய், பொறுமை இல்லை, கோபப்பட்டேன், செபத்தில் பராக்கு என்று மூன்றைச் சொல்லிவிட்டு வருகிறாள். அதுவும் ஒரு பட்டியல்தான். ஒத்திகையில் பிள்ளைகளுக்குக் கொடுத்த மூன்றுக்கும் இதற்கும் வயசுதான் வித்தியாசம். மெழுகுவர்த்தி விஷயத்தை வாயில் எடுத்தால் எந்தச் சாமியாரும் சிரித்துவிடுவார், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது. சிரிக்காவிட்டால் அதைவிடத் தாங்க முடியாது. கோயம்புத்தூரில் இருக்கிற அக்கா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், நான் எடுக்காத மெழுகுவர்த்திக்கு வாங்கின அடி இருக்கே என்று ஆரம்பித்து எல்லாரையும் சிரிக்கவைப்பாள். செலஸ்டினும் சிரிப்பாள். கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பாள்.

ஐந்து. கீபோர்டு அந்த இடத்தில் மறுபடி தடுக்கியது. டெல்சியா சுவரில் சாய்ந்து செருப்பு வாரைக் கழற்றுகிறாள், மாட்டுகிறாள். அவ்வப்போது டீச்சர் பக்கம் பார்க்கிறாள். அவசரமில்லாத பார்வை. சொல்லித்தருவதாகச் சொன்ன டீச்சர் சொல்லித்தருவாள் என்கிற பார்வை. அதுதான் குடைந்தது. அந்தப் பிள்ளையிடம் போய் உட்கார்ந்து, நன்றாக யோசித்துப் பார், யார்மேலாவது பொறாமைப்பட்டாயா, ஜன்னல் பக்கத்து சீட்டுக்குச் சண்டை போட்டாயா, அம்மா கூப்பிட்டுக் கேட்காத மாதிரி இருந்தாயா என்று தோண்டலாம். தோண்டினால் ஏதாவது வரும், எட்டு வயசென்ன எண்பது வயசென்ன, மனுஷப்பிறவிதானே. அது நியாயமான வழிதான், பயிற்சியிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கியூவில் நிற்கிற பிள்ளையை நாலு நிமிஷத்தில் தோண்டுவதா? அனுன்சியாத்தம்மாவும் தோண்டத்தானே செய்தாள். வராத இடத்தில் வரும்வரை தோண்டினாள், வந்ததெல்லாம் பயம். பிள்ளைக்குக் கடவுளைக் காட்டுகிறேன் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடவுள் வீட்டு வாசலில் ஒரு நாயைக் கட்டிவைத்துவிட்டு வந்துவிட்டாள். அந்த நாயைத் தாண்டி உள்ளே போவதற்கே ஆயுசு சரியாகிவிடுகிறது. நான் என்ன செய்திருக்கிறேன்? நான் பிரம்பும் எடுக்கவில்லை, கறுப்புத் துணி கதையும் சொல்லவில்லை. சிரித்த முகமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன், மிட்டாய் கொடுத்தேன், ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிய மேய்ப்பரை வண்ணம் தீட்டவைத்தேன். ஆனால் அந்த மூன்றையும் ஒப்பிக்கவைத்ததும் நான்தான். பதினாறு வருஷம். வருஷத்துக்கு இருபது பிள்ளை என்றாலும் முந்நூறு பிள்ளைகள். முந்நூறு பேரில் தம்பி இல்லாமல் தம்பியை அடித்தவர்கள் எத்தனை பேர்? இல்லாததைச் சொல்லிவிட்டு, அதைச் சரிக்கட்ட நிஜமாகவே ஒன்றைச் செய்துவிட்டு, வீட்டில் யாரோ அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றவர்கள் எத்தனை பேர்? ஒருத்தராவது இருக்கமாட்டாரா? இருந்தால் அந்தப் பிள்ளையும் யாரிடமும் சொல்லியிருக்காது. இத்தனை வருஷம் தனக்காகப் பயந்தது எல்லாம் பயமே இல்லை, இதுதான் பயம் என்று செலஸ்டின் டீச்சருக்குத் தோன்றியது. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு பேர் இருக்கும்போது டெல்சியாவிடம் போனாள். போய்ச் சேருகிற வரைக்கும் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள், முட்டி சொடக்கு விட்டது.

"டீச்சர், சொல்லுங்க. சீக்கிரம், ஆள் முடியப்போவுது."

"இல்லாதத சொல்லாத, என்ன. ஒண்ணும் தோணலன்னா, எனக்கு ஒண்ணும் தோணல சாமின்னு அப்படியே சொல்லு."

"திருப்பி அனுப்பிட்டார்னா? அப்பா வந்திருக்காங்க டீச்சர்."

அனுப்பமாட்டார் என்று சொல்வதற்கு அவள் யார். சின்னச் சாமியார் எப்படிப்பட்டவர் என்று நாலு மாதத்தில் யாருக்குத் தெரியும். ஒரு பொய்யை நிறுத்த இன்னொரு பொய்யா? ஆகவே உள்ளதைச் சொன்னாள். அனுப்பினாலும் அனுப்பலாம், அனுப்பினால் நான் உன்கூட வந்து அவரிடம் பேசுகிறேன், உன் அப்பாவிடமும் நானே பேசுகிறேன், தப்பு டீச்சர் பேரில்தான் என்று எல்லாரிடமும் சொல்கிறேன் என்றாள். டெல்சியா அதைக் கொஞ்ச நேரம் பரிசீலித்தாள். அப்புறம் செருப்பு வாரை மாட்டிக்கொண்டு, முன்னால் நின்றவன் எழுந்ததும், திரும்பிப் பார்க்காமல் திரைக்குள் போய்விட்டாள்.

இரண்டு நிமிஷம் ஆனது. மூன்று ஆனது. செலஸ்டின் டீச்சர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், எழுத்து ஒன்றும் புரியவில்லை. நாலு. ஏன் இத்தனை நேரம்? கேள்வி கேட்கிறாரோ? என்ன எடுத்தாய், எங்கேயிருந்து? பிள்ளை பயந்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டால்? பேசாமல் கோபப்பட்டேன் என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஊர் உலகத்தில் எல்லா டீச்சரும் செய்கிறதைச் செய்யாமல், உன் பழைய புண்ணுக்கு மருந்து தேடி ஒரு குழந்தையை முன்னால் தள்ளிவிட்டாயே. அதன் பேர் என்ன? அதுவும் ஒரு கணக்கில் சேருமே. வாசலில் டெல்சியாவின் அப்பா, பலூன்காரனோடு பேசிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். டீச்சரைக் கண்டதும் எல்லாம் சரிதானே என்று தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். கர்த்தரே என்று சொல்ல வாயெடுத்து, மேலே என்ன கேட்பது என்று தெரியாமல் அந்த ஒரு சொல்லோடு நின்றாள். பல வருஷம் கழித்துப் பராக்கில்லாமல் சொன்ன செபம் அதுவாகத்தான் இருக்கும்.

டெல்சியா வெளியே வந்தாள். அழவில்லை. பெஞ்சுக்குப் போகாமல் நேராக டீச்சரிடம் வந்தாள்.

"ஒண்ணும் தோணலன்னு சொன்னேன் டீச்சர். சாமியார், சரி பரவாயில்ல, வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்கன்னாரு. சொல்லிட்டே இருந்தேனா, அப்போ ஒண்ணு வந்துச்சு. நெசமாவே ஒண்ணு இருந்துச்சு."

என்ன என்று டீச்சரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். அது உனக்கும் கடவுளுக்கும் உள்ளது, டீச்சரிடம் சொல்லக்கூடாது என்றாள். டெல்சியா சரி என்றாள். முகத்தில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, இத்தனை நாள் தேடின சாமானைத் தானே கண்டெடுத்த பெருமையும் இருந்தது. அதைப் பார்த்ததும் செலஸ்டின் டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமா பொறாமையா என்று அவளுக்கே பிடிபடவில்லை, இரண்டும்தான். பிள்ளை பெஞ்சில் போய் முட்டிபோட்டது.

மீதி இருந்தது பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி திரைக்குள் போய்விட்டாள், நிற்கிறவர்கள் பதினொன்று. செலஸ்டின் டீச்சர் வரிசை ஓரமாக நடந்தாள். ஒவ்வொருவரிடமும் குனிந்து, அந்த மூன்றையும் மறந்துவிடு, உள்ளது எதுவோ அதைச் சொல், ஒன்றும் இல்லையென்றால் இல்லையென்று சொல் என்று சொல்லிக்கொண்டே போனாள். வரிசையில் கலவரம் மூண்டது. நாலு ஞாயிற்றுக்கிழமை உருப்போட்டதை நாலு நிமிஷத்தில் மறக்கச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும். பரீட்சை ஹாலில் வைத்துப் பாடத்தை மாற்றின மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முணுமுணுத்தார்கள். ஒருவன் டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே சொன்னான், அது அவள் காதில் விழுந்தது. வரிசையின் கடைசியில் ஷைனி நின்றாள். அவளிடமும் சொல்லிவிட்டு, டீச்சர் திரும்பி வரவில்லை. அவளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, தானும் நின்றுகொண்டாள். ஷைனி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், அப்புறம் திரும்பி நிமிர்ந்து பார்த்தாள். அழுகிற குரலில் கேட்டாள்.

"இப்போ வந்து மாத்தினா எப்படி டீச்சர்? நான் அதத்தான படிச்சிட்டு வந்திருக்கேன்."

"நானும் அதத்தான் பிள்ள படிச்சிட்டு வந்திருக்கேன். நில்லு. நமக்கு இன்னும் நேரம் இருக்கு."